கரிசல் மண்ணில் மில் வைத்த ஜாம்ஷெட்ஜி டாடா



டாடா உப்பு நம்மில் பல பேர் வீட்டு அடுப்படியில் இருக்கும். அந்த டாடா கம்பெனியை ஆரம்பிச்சவர் ஜாம்ஷெட்ஜி டாடா. அவர் குஜராத்தில் உள்ள நவ்சாரி என்ற ஊரில் 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா நுசர்வான்ஜி பம்பாயில் வியாபாரம் செய்தார். மகனும் படிப்பு முடிந்ததும் அதே வியாபாரத்தில் சேர்ந்தார். 1868-ல் 21,000 ரூபாய் முதல் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மில் வைக்கணும்னா பம்பாய்க்குத்தான் போவாங்க. இவர் நாக்பூருக்குப் போனார். அதுவும் நம்ம சீமை மாதிரி கரிசல் பூமி, பருத்தி விளையுற இடம். பருத்தி பக்கத்திலேயே கிடைக்கும், ரயிலும் இருக்குன்னு கணக்குப் போட்டார். 1877 ஜனவரி 1-ல் எம்பிரஸ் மில் ஓட ஆரம்பிச்சது.

ஆனா ஆட்கள் ஒழுங்கா வேலைக்கு வரலை. வேறு முதலாளியா இருந்தா கூலியைப் பிடிச்சிருப்பார், இல்லைன்னா ஆளை நிறுத்தியிருப்பார். இவர் அப்படிச் செய்யலை. வேலை செய்யுற இடம் நல்லா இருந்தா, நாளைக்கு நமக்கு ஒரு ஆதரவு இருக்குன்னு நம்பிக்கை வந்தா, ஆட்கள் தானா வருவாங்கன்னு நினைச்சார்.

மில்லுக்குள்ளே வெக்கை தணிய, காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி வச்சார். தீப்பிடிச்சா தண்ணீர் தெளிக்கும் குழாயும் போட்டார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த நம்ம பெண்களுக்கு இதோட அருமை சொல்லாமலே தெரியும். 1886-ல் தொழிலாளிகளுக்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895-ல் வேலையில் அடிபட்டவங்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஆரம்பிச்சார். இதுக்கு அரசாங்கச் சட்டம் வந்தது 1923-ல்தான். இதெல்லாம் வீண்செலவா போகலை. அந்த மில் நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு.

இரும்பாலை கட்டணும்னும் அவருக்கு ஆசை. ஆலை வரும் ஊரில் அகலமான தெருவும், நிழல் தரும் மரங்களும், எல்லா மதத்தாருக்கும் கும்பிட இடமும் வேணும்னு மகனுக்குக் கடிதம் எழுதினார். அதைப் பார்க்காமலே 1904 மே 19-ல் ஜெர்மனியில் இறந்துட்டார். பிள்ளைகள் ஆலையைக் கட்டினாங்க. அங்கே 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்தது. 1928-ல் பிள்ளைப்பேற்றுக்கான சலுகையும் வந்தது. அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர்னு அவர் பேரையே வச்சாங்க.

சகோதரிகளே, இவ்வளவு நாளும் நாம கூலி வாங்கும் கையாகத்தான் இருந்தோம். இப்போ கடலைமிட்டாய், தையல்னு தொழில் செய்யும் குழுக்கள், நாலு பெண்களை வேலைக்கு வச்சுக் கூலி கொடுக்கிற கையாகவும் ஆகுது. நமக்குக் கிடைக்காததை அவங்களுக்கு நாம கொடுக்கலாமே. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒருத்தருக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வங்கிக் கணக்கு இருந்தால் போதும், 18 வயதிலிருந்து 70 வயது வரை சேரலாம். அஞ்சு பேருக்கு 100 ரூபாய். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதைக் குழுவே கட்டட்டும்.