மதுரையில் இருந்து அரங்கனைக் கண்டவர்: திவ்யகவி பிள்ளைப்பெருமாளையங்கார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார்களின் அருளிச்செயல்களையே பெரும்பாலும் அநுபவித்து வரும் இப்பகுதியில், இம்முறை அவ்வருளிச்செயல்களில் ஊறிப் பிற்காலத்தில் பாடிய ஒரு மஹநீயரின் சரித்திரத்தை அநுஸந்திக்க விழைகிறோம். அழகிய மணவாள தாஸர் என்னும் தாஸ்ய நாமம் பூண்ட திவ்யகவி பிள்ளைப்பெருமாளையங்காரே அவர். அஷ்டப்பிரபந்தம் என்னும் எட்டு நூல்களை அருளியவர். அந்த எட்டையும் ஓதி உணர்ந்தவனைப் பாதிப் புலவன் என்றே தமிழ்நாட்டார் மதித்தனர்.

சோழநாட்டுத் திருமங்கையில் அவதரித்தவர் என்பர். ஆழ்வார்களிடமும் கூரத்தாழ்வான், பட்டர் முதலான ஆசார்யர்களிடமும் அவருக்கிருந்த ஈடுபாட்டைத் திருவரங்கக் கலம்பகத்தின் தொடக்கத்திலேயே காணலாம். எனினும் அவரது வாழ்க்கைப் பிழைப்பு நம் மதுரையில் அமைந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனையில் அவர் உத்தியோகம் பார்த்தார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் செய்தி. வைகைக் கரையில் உடலும் காவிரிக் கரையில் உள்ளமுமாக அவர் நாள்கள் கழிந்தன.

ஒருநாள் அரண்மனையில் அலுவலில் இருந்தபோது, அவர் திடீரெனத் தம் மேலாடையைக் கையால் கசக்கித் தேய்த்தாராம். உடனிருந்தோர் திகைத்தனர். காரணம் கேட்டபோது, திருவரங்கத்தில் நம்பெருமாளின் திருத்தேர்ச் சீலையில் தீப்பற்றியதென்றும் அதையே தாம் அணைத்ததாகவும் விண்ணப்பித்தார். மன்னர் ஆளனுப்பி விசாரித்தார். அந்நாளில், அந்நேரத்தில், அப்படியே நடந்திருந்தது. இத்தகையவரைக் கணக்கோலையோடு கட்டிவைத்தல் தகாது என்று உணர்ந்த மன்னர், அவரைப் பணியினின்றும் விடுவித்துத் திருவரங்கத்தில் கவலையின்றி வாழ வழி செய்தார் என்பர்.

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அடியோமுக்கு இவ்வைதிஹ்யத்தில் தனி ஈடுபாடு உண்டு. பணியில் இருந்த காலமெல்லாம், ஓய்வு பெற்றபின் பாசுரங்களில் ஆழ்ந்துவிடலாம் என்று ஒத்திவைத்துக்கொண்டே இருந்தோம். ஓய்வும் வந்தது, பொழுதும் கிடைத்தது. ஆனால் திவ்யப்பிரபந்தத்தைக் கையில் எடுத்தால் மனம் வேறு கணக்குகளை எழுதத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைப்பெருமாளையங்கார் பணியை விட்டபின் பக்தரானவர் அல்லர். ஏறக்குறைய 140 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த தீயை அவர் அணைத்தது, பணியில் அமர்ந்திருந்தபோதே. உத்தியோகம் அவரைத் தடுக்கவில்லை என்றால், நம்மைத் தடுத்தது எது? இக்கேள்விக்கு அடியோமிடம் நேரான விடையில்லை.

திருவரங்கம் சேர்ந்தபின் அவர் அரங்கனையன்றி வேறொருவரைப் பாடுவதில்லை என்னும் உறுதியோடு இருந்தார். அப்போது திருவேங்கடமுடையான் கனவில் எழுந்தருளி, தம்மையும் பாடுமாறு நியமித்தான். இவரோ, குரங்குகள் திரியும் மலையில் நிற்பவனைப் பாடேன் என்று மறுத்துவிட்டார். அதன்பின் கண்டமாலை என்னும் கழுத்து நோய் கண்டு வருந்தி, தம் பிழையை உணர்ந்து திருவேங்கடமாலையையும் திருவேங்கடத்தந்தாதியையும் பாட, நோய் நீங்கிற்று என்பது வரலாறு.

இதைத் தண்டனைக் கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஓரிடத்தில் நெஞ்சை வைத்தல் குற்றமன்று. அரங்கனைக் கண்ட கண்களால் மற்றொன்றைக் காண மறுத்த திருப்பாணாழ்வாரை நாம் கொண்டாடுகிறோம். ஆயினும் அவ்வாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களுள் மூன்றாவதை ஊன்றிச் சிந்திக்க வேண்டும். மந்திகள் பாய்ந்து திரியும் வடவேங்கடத்தில் நிற்பவனே அரங்கத்து அரவணையில் பள்ளிகொண்டவன் என்று அதில் காட்டியருளுகிறார். திவ்யகவி எந்தக் குரங்குகளைக் காரணம் காட்டி மறுத்தாரோ, அவையே ஆழ்வாருக்கு வேங்கடத்தின் அழகாயின. அன்பு மிகுதியால் மறுத்தவரை, அவ்வன்பு எட்டவேண்டிய இடம் வரை எம்பெருமான் அழைத்துச் சென்றான் என்றே அடியோம் கொள்கிறோம்.

எட்டுப் பிரபந்தங்களின் கணக்கும் இதையே சொல்லுகிறது. திருவரங்கக் கலம்பகம், திருவரங்கத்து மாலை, திருவரங்கத்தந்தாதி, சீரங்கநாயகர் ஊசல் என நான்கு அரங்கனுக்கு. இரண்டு திருவேங்கடமுடையானுக்கு. ஒன்று, அழகரந்தாதி, நம் திருமாலிருஞ்சோலை எம்பெருமானுக்கு. எஞ்சிய ஒன்றான நூற்றெட்டுத் திருப்பதியந்தாதி, திவ்யதேசங்கள் அனைத்துக்கும். ஒரு மலையை வேண்டாம் என்றவருடைய வாக்கு, 108 திருப்பதிகளையும் திருப்பதிக்கு ஒரு வெண்பாவாக வலம் வந்துவிட்டது. பாண்டிநாட்டுப் பதினெட்டில், மதுரையைச் சுற்றியுள்ள கூடல், திருமோகூர், திருமாலிருஞ்சோலை மூன்றும் அவ்வலத்தில் உண்டு.

இவ்வெட்டுள் நான்கு அந்தாதிகள். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவது அந்தாதி. இது அடியோமுக்குப் பழைய பேரேட்டை நினைவூட்டும். மாலையில் கட்டிய இறுதி இருப்பே மறுநாள் காலையின் ஆரம்ப இருப்பு; இடையில் ஒரு காசும் விழக்கூடாது. திருவரங்கத்தந்தாதியோ இதற்கு மேலும் கடினம். அது யமகத்தால் அமைந்தது. நான்கடியும் ஒரே எழுத்துக்கோவையில் தொடங்கி, அடிதோறும் வேறு பொருள் தரும். வை.மு. கோபாலகிருஷ்ணமாசார்யரின் உரையைத் துணைக்கொண்டு நிறுத்திப் பிரித்துப் படித்தாலன்றிப் பிடிபடாது. அவசரத்தில் வாசிப்பவனுக்கு அங்கே நான்கு முறையும் ஒரே ஓசைதான் கேட்கும்.

கூடலழகரை ஸேவித்துவிட்டு வந்து, நாளுக்கு ஒரு பாட்டு என்று அழகரந்தாதியைச் சில மாதங்களாக வாசித்து வருகிறோம். சித்திரையில் அழகர் வைகைக்கு எழுந்தருளும்போது லட்சக்கணக்கானோர் கூடும் இவ்வூரில், அவ்வழகருக்கு இப்படியொரு பாமாலை உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. நேற்று முடிந்த சொல்லில் இன்று தொடங்க வேண்டியிருப்பதால், ஒருநாள் விட்டாலும் மனம் அந்தச் சொல்லிலேயே நிற்கிறது. சந்தைக்குப் போகும்போதும், மருத்துவர் வாசலில் காத்திருக்கும்போதும் அது உடன் வருகிறது. பணிக்காலத்தில் நமக்கு வாய்க்காதது பொழுதன்று. இப்படிக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லே என்று இப்போது தோன்றுகிறது.

உத்தியோகத்தில் இருக்கும் அன்பர்கள் அடியோமைப் போல ஒத்திவைக்க வேண்டாம். இன்றே ஒரு பாட்டைத் தொடங்கலாம். நாளைக்கான முதற்சொல் அதன் முடிவில் காத்திருக்கும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.