கோட்டக்கல் தந்த மருத்துவப் பெரியார் வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர்

கேரள நாட்டில் திருக்கோயில்களை அண்டி வாழ்ந்த குலங்களுள் வாரியர் குலமும் ஒன்று. வைகறையில் நீராடிப் பூக்கொய்து இறைவனுக்கு மாலை தொடுத்துக் கொடுப்பது அக்குலத்தாரின் பரம்பரைத் தொண்டு. அத்தகைய குலத்தில், கோட்டக்கல் என்னும் ஊரில், பன்னியின்பள்ளி என்ற இல்லத்தில் 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் தோன்றியவர் சங்குண்ணி வாரியர். பிற்காலத்தில் வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் என்று நாடெங்கும் அறியப்பட்ட பெருமகனார் இவரே. கோட்டக்கல் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது.

இளமையில் வடமொழி பயின்ற சங்குண்ணியின் நாட்டம் மருத்துவத்தின்பால் சென்றது. கேரளத்தில் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களையும் கற்றுத் தேர்ந்த நம்பூதிரிக் குடும்பத்தாரை அட்டவைத்தியர் என்று வழங்குவர். அவர்களுள் ஒருவரான குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்பாரிடம் குருகுல முறையில் சில ஆண்டுகள் தங்கிப் பயின்றார். வாக்பட்டர் இயற்றிய அட்டாங்க இருதயமே அங்குப் பாடநூல். நோயாளியின் நாடியையும் நாவையும் பார்த்து அறிவதும், எண்ணெய் காய்ச்சும்போது பாகுபதம் தவறாமல் இறக்குவதும் ஏட்டில் படித்து வருவன அல்ல. குருவின் அருகிலிருந்து கண்டும் செய்தும் பழகவேண்டியவை.

கற்றுத் தேறி ஊர் திரும்பிய இளைஞருக்குக் கண்ணில் ஒரு நோய் கண்டது. அந்நோயே அவருடைய வாழ்வின் திசையை மாற்றிற்று எனலாம். மஞ்சேரியில் அரசாங்க மருத்துவராக இருந்த வர்கீஸ் என்பாரிடம் சிகிச்சை பெறச் சென்றார். நோய் தீர்ந்தது. ஆயினும் வாரியர் உடனே வீடு திரும்பவில்லை. அம்மருத்துவரிடமே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்து மேனாட்டு மருத்துவத்தையும் கற்றார். தம் சாத்திரத்தில் தேறிய ஒருவர் வேற்று மருத்துவரின் முன் மீண்டும் மாணாக்கராக அமர்வது எளிதான செயலன்று. கல்விச் செருக்கு அவரிடம் இல்லாமையால் அது கைகூடிற்று.

அங்கு அவர் கண்டவை அவரைச் சிந்திக்க வைத்தன. மேனாட்டு மருத்துவரிடம் உடற்கூற்று அறிவு தெளிவாக இருந்தது. மருந்துகள் அளவு பிசகாமல், உண்பதற்கு ஆயத்தமாகக் கிடைத்தன. ஆயுர்வேதத்தின் நிலையோ வேறு. சுசுருதர் காலத்தில் சிறந்து விளங்கிய அறுவை மருத்துவம் வழக்கொழிந்து போயிருந்தது. வைத்தியர் நோயைத் தேர்ந்து மருந்துச் சரக்குகளைச் சொல்வார். அவற்றைத் தேடித் திரட்டி, இடித்து, காய்ச்சி, வடித்து உண்ண வேண்டியது நோயாளியின் குடும்பத்தார் பொறுப்பு. வேர் ஒன்று கிடைக்காவிடில் வேறொன்றைச் சேர்ப்பார்கள். பதம் தவறினால் பயன் போய்விடும். பயன் போனால் பழி சாத்திரத்தின் மேல் விழும். இந்நிலை நீடித்தால் முன்னோர் தந்த மருத்துவம் தானே மறைந்துவிடும் என்பதை வாரியர் உணர்ந்தார்.

1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தோற்றுவித்தார். கஷாயம், அரிஷ்டம், தைலம், கிருதம், லேகியம் ஆகியவற்றைச் சாத்திர முறைப்படி செய்து, ஆயத்த நிலையில் மக்களுக்கு வழங்குவதே அதன் நோக்கம். கஷாயம் அன்றன்று காய்ச்சி அன்றன்றே குடிப்பதற்குரியது. அதனைப் புட்டியில் அடைத்து விற்பது பழைய முறையில் ஊறியவர்களுக்கு உடனே உவப்பான செய்தியாக இருந்திருக்க இயலாது. எனினும் நாட்டு மருந்து எங்கும் ஒரே தரத்தில் கிடைக்கவேண்டுமாயின் வேறு வழியில்லை. மறுவருடமே தன்வந்திரி என்ற மலையாளத் திங்களிதழைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். மருத்துவ அறிவு ஒரு சில குடும்பங்களுக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில் அதனைப் பொதுமக்கள் முன் வைத்த இதழ் அது.

நல்ல மருந்து இருந்தால் போதுமா? அதனைக் கையாளத் தெரிந்த வைத்தியரும் வேண்டும். 1917இல் கோழிக்கோட்டில் ஆரிய வைத்திய பாடசாலை திறக்கப்பட்டது. 1924இல் அது கோட்டக்கல்லுக்கு மாற்றப்பெற்றது. இன்று அவருடைய பெயரையே தாங்கி ஆயுர்வேதக் கல்லூரியாக விளங்குகிறது. மாணாக்கருக்கு உடற்கூற்று நூல் இல்லாத குறையைப் போக்க, புதிய அறிவையும் சேர்த்து அட்டாங்க சாரீரம் என்னும் நூலை வடமொழியில் தாமே இயற்றி 1925இல் வெளியிட்டார். மஞ்சேரியில் கற்றது இவ்வாறு தாய்ச் சாத்திரத்திற்கே உரமாயிற்று.

1924இல் ஏழைகளுக்கென அமைத்த தரும மருத்துவமனையில் ஆயுர்வேதத்தோடு மேனாட்டு மருத்துவப் பிரிவுக்கும் இடமளித்தார். கேரளத்துக்கே உரிய சிகிச்சைகள் கோட்டக்கல்லில் பெயர்பெற்றன. இளஞ்சூட்டில் தைலத்தைத் துணியால் தோய்த்து உடல் முழுதும் பிழிந்து தடவுவது பிழிச்சில். குறுந்தொட்டிக் கஷாயமும் பாலும் சேர்த்து ஞவரை அரிசியை வேகவைத்து, துணியில் கிழியாகக் கட்டி, வாதத்தால் மெலிந்த கைகால்களில் ஒற்றித் தேய்ப்பது ஞவரக்கிழி. சிகிச்சைக் காலத்தில் பத்தியம், ஓய்வு, மன அமைதி ஆகிய மூன்றும் மருந்துக்குச் சமமாகப் போற்றப்படும். அவசரக்காரர்க்கு இம்மருத்துவம் பொருந்தாது.

1921இல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டபோது அப்பகுதியே கலங்கிற்று. அஞ்சி ஓடிவந்த இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரியர் தம் இல்லமான கைலாச மந்திரத்தில் புகலிடம் அளித்தார். சாதி சமயம் பாராமல் மருந்து கொடுத்து வந்தவர் மீது இரு சாராருக்கும் நம்பிக்கை இருந்தது. அவ்வில்லத்தின் முகப்பில் ஓங்காரமும் சிலுவையும் பிறையும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

மருத்துவப் பணிக்கு நடுவே கலையையும் அவர் மறக்கவில்லை. 1909இல் பரமசிவ விலாசம் என்ற நாடகக் குழுவை அமைத்தார், நாடகங்களும் எழுதினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அக்குழுவுடையனவும் ஒன்றாக அமைந்தது சுவையான பொருத்தமே. 1939இல் கதகளிக்கென நாட்டிய சங்கம் உருவாயிற்று. அதற்கு முன்னரே, 1933இல், வைஸ்ராய் அவருக்கு வைத்தியரத்தினம் என்னும் பட்டத்தை வழங்கியிருந்தார்.

முதுமை நெருங்கியபோது, தாம் ஈட்டியவை சிதறிவிடலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. மருமக்கள் தாய முறையில் சொத்து குடும்பத்தாரிடையே பிரிந்துபோகக் கூடிய காலம் அது. எனவே 1939இல் உயில் எழுதி வைத்தார். வைத்தியசாலை ஓர் அறக்கட்டளையாக நடைபெற வேண்டும் என்றும், வருவாய் அதன் வளர்ச்சிக்கும் தரும மருத்துவமனைக்கும் கல்விக்கும் கலைக்கும் குடும்பத்தாருக்கும் முறைப்படி பயன்பட வேண்டும் என்றும் அதில் வகுத்தார். 1944ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், 75 அகவை நிறைவதற்குச் சில வாரங்களே இருக்கையில், இறைவனடி சேர்ந்தார்.

அவருக்குப் பின் மருமகன் மாதவ வாரியர் பொறுப்பேற்றார். 1953இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர்தம் தம்பி பி. கே. வாரியர் தொடர்ந்து வைத்தியசாலையை வழிநடத்தி, நூறு வயது கண்டு, 2021 ஜூலை 10ஆம் நாள் காலமானார்.

குடும்பத் தெய்வமான விசுவம்பரர் கோட்டக்கல்லில் கோயில்கொண்டு எழுந்தருளியுள்ளார். ஆண்டுத் திருவிழா இரவுகளில் நாட்டிய சங்கத்தின் கதகளி அங்கு விடியவிடிய நடைபெறுகிறது. சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்போரும், நடக்க இயன்றவரை, அதனைக் காண வருகின்றனர்.