அசைவைத் தேடிய தூரிகை

1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், லூயி டகேர் கண்டறிந்த ஒளிப்பட முறை பாரிசு நகரில் உலகிற்கு விளக்கப்பட்டது. அந்நகரத்து வங்கியாளர் ஒருவரின் மகனான எட்கர் டெகாவுக்கு அப்போது வயது ஐந்து. ஒரு முகத்தை உள்ளது உள்ளபடி கருவியே பதிந்து தருமாயின், இனி ஓவியருக்கு என்ன வேலை? இவ்வினா எழுந்த காலத்தில் வளர்ந்து ஓவியரானவர் டெகா.

1853இல் சட்டம் பயிலச் சேர்ந்த அவர் அதில் நிலைக்கவில்லை. முதுபெரும் ஓவியர் ஆங்க்ரைக் கண்டு, கோடுகளை ஓயாமல் வரைந்து பழகுமாறு அவர் கூறிய அறிவுரையை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். இத்தாலியில் மூன்றாண்டுகள் தங்கிப் பழம்பெரும் ஓவியங்களைப் படியெடுத்தார். இத்தகைய மரபுவழிப் பயிற்சி பெற்றவர் ஒளிப்படத்தைப் பகையாகக் கருதியிருக்கலாம். டெகாவோ அதைக் கூர்ந்து நோக்கினார்.

ஏறத்தாழ 1865இல் அவர் வரைந்த மெட்டர்னிக் இளவரசியின் உருவம் இதற்குச் சான்று. டிஸ்டேரி என்பவர் எடுத்த சிறிய ஒளிப்படம் ஒன்றே அதற்கு மூலம். அப்படத்தில் இளவரசியின் அருகில் கணவரும் நிற்கிறார். டெகா கணவரை நீக்கினார். பின்னணியில் பூவேலைப்பாடு கொண்ட சுவரைச் சேர்த்தார். அவர் ஒளிப்படத்திலிருந்து தமக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொண்டார்.

1874இல் டெகாவும் மொனே முதலிய நண்பர்களும் தம் முதல் கூட்டுக் கண்காட்சியை நடத்தினர். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்னும் பெயரை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது அக்கண்காட்சியே. அது நடைபெற்ற இடம், நடார் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் முன்பு பயன்படுத்திய படப்பிடிப்புக் கூடம் என்பது சுவையான செய்தி.

அடுத்த ஆண்டளவில் வரைந்த ‘கன்கார்டு சதுக்கம்’ என்னும் ஓவியத்தைப் பாருங்கள். தந்தை ஒரு திசையில் செல்கிறார். மகளிர் இருவர் வேறு திசையில் பார்க்கின்றனர். இடப்புறம் நிற்பவரின் உடல் சட்டத்தால் வெட்டுண்டிருக்கிறது. நடுவிலோ வெறும் வெளி. தெருவில் ஒருவர் சட்டென்று எடுத்த ஒளிப்படம் என்றே தோன்றும். இத்தோற்றத்தை வைத்து, டெகா ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கையடக்கமான கோடாக் கருவி விற்பனைக்கு வந்தது 1888இல்தான். சப்பானிய அச்சோவியங்களிலும் இத்தகைய வெட்டுகளை டெகா கண்டிருந்தார். மேலும், கணநேரக் காட்சிபோல் தோன்றும் அவருடைய ஓவியங்கள் பல, பணியறையில் பற்பல கோட்டோவியங்களைக் கொண்டு பொறுமையாக அமைக்கப்பட்டவை.

ஒளிப்படம் அவரை நேரடியாகத் திருத்திய இடம் குதிரைப் பந்தயக் களமாகும். ஓடும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் ஒருசேர நீட்டிப் பறப்பதாக வரைவதே நெடுங்கால வழக்கம். டெகாவும் அவ்வாறு வரைந்ததுண்டு. 1878இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கருவிகளை நிறுத்தி, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின்கீழ் மடங்கியிருப்பது தெரிந்தது. மைப்ரிட்ஜ் 1887இல் வெளியிட்ட படங்களிலிருந்து டெகா குதிரைகளை வரைந்து பழகினார். ஐம்பது வயதைக் கடந்த பின்னும், புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் மாணவரைப்போல் மீண்டும் கற்றார்.

இதற்கிடையே அவருடைய பார்வை மங்கிவந்தது. 1870இல் போர்ப்பணிக்குச் சென்றபோதே கண்ணில் குறை இருப்பது வெளிப்பட்டது. அந்நிலையிலும் 1895இல் அவரே ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்தார். அதுவும் பகலொளியில் அன்று. நண்பர் வீடுகளில், இரவு விருந்துக்குப் பின் விளக்கொளியில். ஓவியர் ரெனுவாரும் கவிஞர் மல்லார்மேயும் இடம்பெற்ற படத்திற்கு ஒன்பது விளக்குகளும் கால்மணிநேர அசைவின்மையும் தேவைப்பட்டன என்று பால் வலேரி எழுதியுள்ளார். அப்படத்தின் கண்ணாடியில் டெகாவின் உருவமும் விழுந்துள்ளது. முகம் மட்டும் ஒளியில் கரைந்து மறைந்துவிட்டது.

இப்படங்கள் பலவற்றுக்கு இடமளித்தது அலேவி குடும்பம். யூத அதிகாரி டிரைஃபஸ் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில் டெகா யூத வெறுப்பாளர் பக்கம் நின்றார். யூத மரபில் வந்த அந்த நண்பர்களையும் 1897இல் துறந்தார். அவருடைய கலையை மதிப்போர் இதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நடனமங்கை ஒருத்தியைப் பதிந்த மூன்று கண்ணாடித் தகடுகள் இன்று பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளன. தோள்பட்டையைச் சரிசெய்யும் அவளது நிலை, டெகாவின் பிற்கால வண்ணக்கோல் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கண் மேலும் மங்கியபோது, விரல்களால் உணரத்தக்க மெழுகு உருவங்களை மிகுதியாக நாடினார். 1917 செப்டம்பர் 27இல் அவர் மறைந்தபின், பணியறையில் ஏறத்தாழ 150 உருவங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒரு குதிரை, நான்கு கால்களும் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தது.