நியாயாதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய 34 வருஷம் நியாயாசனத்தில் அமர்ந்திருந்தவர் ஹார்லன். ஆயினும் வென்ற தீர்ப்புகளால் அன்று, ஏனைய நியாயாதிபதிகளுக்கு மாறாகத் தனித்து நின்று எழுதிய தீர்ப்புகளாலேயே அவர் பெயர் நிலைத்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1833-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி கெண்டக்கி மாகாணத்தில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தையார், பிரதம நியாயாதிபதி ஜான் மார்ஷலின்பால் வைத்த மதிப்பினால் அவர் பெயரையே மைந்தனுக்கு இட்டனர். அவ்வில்லத்தில் அடிமைகள் பலர் இருந்தனர். உள்நாட்டுப் போரில் ஹார்லன் ஐக்கியப் படையில் சேர்ந்து ஒரு ரெஜிமெண்டை நடத்தினாரேனும், அடிமைத்தனத்தை ஒழித்த அரசியற் சட்டத் திருத்தத்தை எதிர்த்தவர்களுள் தாமும் ஒருவராயிருந்தார். போருக்குப் பின்னரோ, விடுதலை பெற்றோர்மீது தம் நாட்டார் இழைத்த கொடுமைகளைக் கண்டு மனம் மாறினார். பழைய சொற்களை எடுத்துக்காட்டி எதிரிகள் எள்ளியபோது, சொன்னதையே சொல்லுவதினும் சரியானதைச் சொல்லுவதே தமக்கு வேண்டுவதென்று விடையிறுத்தார். கவர்னர் பதவிக்கு இருமுறை நின்று தோற்றார். 1877-ம் வருஷம் ஜனாதிபதி ஹேஸ் இவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

விடுதிகளிலும் நாடகசாலைகளிலும் வண்டிகளிலும் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை அளித்த 1875-ம் வருஷத்துச் சட்டத்தை, 1883-ல் எண்மர் செல்லாதென்றனர். ஹார்லன் ஒருவரே மறுத்தார். ஆனால் மறுப்பை எழுத அமர்ந்தபோது எண்ணங்கள் ஓடவில்லை. இரவுகள் பல உறக்கமின்றிக் கழிந்தன. கறுப்பர் குடிகளாக முடியாதென்று 1857-ல் தீர்ப்பெழுதிய பிரதம நியாயாதிபதி டானியின் மைக்கூடு ஒன்று ஹார்லனுக்குக் கிடைத்திருந்தது. டானியின் உறவினரான பெருமாட்டி ஒருவருக்கு அதனைத் தருவதாக அவர் வாக்களிக்க, மனைவியார் மால்வினா அம்மையார் அதை ஒளித்துவைத்திருந்தார். ஒரு ஞாயிறு காலை கணவர் ஆலயம் சென்றிருந்த வேளையில் அம்மையார் அதைத் துடைத்து, மை நிரப்பி, மேசைமேல் வைத்தார். திரும்பி வந்து அதனைக் கண்ட ஹார்லனுடைய பேனா பின்னர்த் தடைபடவில்லை. அவ்வம்மையாரின் மதிநுட்பத்தை நாம் எவ்வளவு வியப்பினும் தகும்!

1896-ல் பிளெஸ்ஸி என்பவரின் வழக்கு வந்தது. ரயிலில் நிறத்தின்படி தனித்தனி வண்டி வகுத்த லூயிசியானா சட்டம் செல்லுமென எழுவர் கூறினர். ஹார்லன் மீண்டும் தனித்து நின்று, அரசியற் சட்டம் குடிகளின் நிறத்தைக் காண்பதில்லை என்று எழுதினார். அத்தீர்ப்பிலேயே சீனரை இழிவாகக் குறித்தார் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. 1899-ல் ஜார்ஜியாவில் கறுப்பு மாணவரின் உயர்தரப் பள்ளியை மூடியதற்குப் பரிகாரம் மறுத்த தீர்ப்பை எழுதியவரும் இவரே. அவரை ஆராய்வோர்க்கு இஃது இன்றும் ஒரு புதிராகவே உள்ளது.

ஹார்லன் 1911-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி வாஷிங்டனில் காலமானார். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாதென்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பதின்மரும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி. அன்று அவர் இறந்து 42 வருஷங்கள் கடந்திருந்தன.