காலத்தோடு ஓடிய வீரர்: பாவோ நூர்மி

ஓட்டப் பந்தயங் காணச் செல்வோர், முதலில் வருபவன் யாவன் என்பதையே பெரும்பாலும் நோக்குவர். அவன் நேற்றினும் இன்று விரைந்து ஓடினானா என்று வினவுவோர் மிகச் சிலர். ஆயினும் ஓடுகின்றவனுக்கு அவ்வினாவே தலையாயது. ஐந்தாமவனாய் வந்து சேர்ந்தவனும், தான் அதுகாறும் ஓடிய நேரத்தில் ஒரு விநாடி குறைத்திருப்பானாயின், அன்றிரவு களிப்பினால் உறங்கான். பிறரை வெல்வது ஒரு வெற்றி. தன் முன்னை நாளை வெல்வது பிறிதொரு வெற்றி. இவ்விரண்டனுள் பின்னதையே பெரிதெனக் கொண்டு ஓடியவர், பின்லாந்து தேசத்துப் பாவோ நூர்மி என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நூர்மி 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள், தூர்க்கு என்னும் துறைமுக நகரில் ஓர் எளிய குடும்பத்தின் மூத்த மகனாய்ப் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலினர். 1910-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலே தங்கை ஒருத்தியும் இறந்தாள். வறுமை மிகவே, வீட்டின் சமையலறையை வேறொரு குடும்பத்திற்கு வாடகைக்கு விட்டு, எஞ்சிய ஒரே அறையில் தாயும் மக்களும் வாழ்ந்தனர். படிப்பில் வல்லவராயிருந்தும் நூர்மி பள்ளியை விட்டு நீங்கி, ஒரு ரொட்டிக் கடையில் ஏவலாளாய் அமர்ந்தார். பாரமேற்றிய தள்ளுவண்டியை மேட்டுத் தெருக்களில் ஏற்றுதல் அவர்தம் தொழில். அத்தொழிலே தம் கால்களுக்கும் முதுகுக்கும் உரமளித்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். வறுமை அவரிடமிருந்து பள்ளியைப் பறித்துக்கொண்டு, ஈடாகத் தந்தது இவ்வுரம் ஒன்றே.

1912-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில், பின்லாந்தினராகிய ஹன்னஸ் கொலெமைனன் நெடுந்தூர ஓட்டங்களிற் பொற்பதக்கங்கள் பெற்றார். பின்லாந்து அந்நாளில் ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், அவ்வெற்றி ஒரு சிறிய தேசத்தின் மானத்தை நிலைநாட்டியதாக மக்கள் மகிழ்ந்தனர். வண்டி தள்ளிய சிறுவர் உள்ளத்திலும் அக்கனல் பற்றியது. அவர் ஓடுதற்குரிய காலணி ஒரு சோடி வாங்கினார், ஓடலானார்.

1917-ஆம் ஆண்டில் பின்லாந்து விடுதலையுற்றது. 1919-இல் நூர்மி படையிற் சேர்ந்தார். 1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பிரான்சு தேசத்து கில்லமோ என்பாரிடந் தோற்று, இரண்டாமவராய் வந்தார். மூன்று நாட் கழித்து 10,000 மீட்டரில் அவரையே வென்றார். எனினும் முன்னைத் தோல்வியை அவர் மறந்தாரல்லர். தொடக்கத்தில் விரைந்து வலிமையைச் செலவிட்டு இறுதியில் தளர்தலினும், தொடக்கமுதல் இறுதிவரை ஒரே சீராய் ஓடுதலே நன்றெனத் துணிந்தார். அச்சீரைக் காப்பதற்கு ஒரு கருவி வேண்டுமன்றோ? அது முதல், நிறுத்துகடிகாரம் ஒன்று அவர் கையிற் குடிகொண்டது. அருகே ஓடுவோர் முகத்தை நோக்காது, உள்ளங்கையிலுள்ள முள்ளை நோக்கி அவர் ஓடுவார். செருக்கர் என்று சிலர் அவரைப் பழித்தனர். சிரிப்பும் பேச்சும் அவரிடம் அருகியிருந்தது மெய்யே.

1921-ஆம் ஆண்டில் 10,000 மீட்டரை 30 நிமிஷம் 40.2 விநாடியில் ஓடி, அத்தூரத்திற்கு உலகில் அதுவரை எவரும் எய்தாத நேரத்தை எய்தினார். 1924-ஆம் ஆண்டு வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் என்னும் இரண்டு இறுதிப் பந்தயங்களும் ஒரே நாளில், இடையே ஒரு மணி நேரமும் இல்லாது அமைந்திருந்தன. அவர் ஜூலை 10-ஆம் நாள் இரண்டிலும் வென்றார். இரு நாட் கழித்து, கொடிய வெயிலில் நாட்டுப்புற ஓட்டம் நிகழ்ந்தது. ஓடப் புகுந்த 38 பேரில் எல்லை சேர்ந்தவர் 15 பேரே. அவருள்ளும் நூர்மியே முதல்வர். அவ்விழாவில் அவர் பெற்ற பொற்பதக்கங்கள் ஐந்து.

ஆயினும் அவ்வைந்தும் அவர் மனக்குறையை ஆற்றவில்லை. தாம் முன்பு வென்ற 10,000 மீட்டர் ஓட்டத்தில் அவரைச் சேர்க்காது, அவர்தம் உடல்நலங் கருதித் தேசத்துத் தலைவர்கள் விலக்கிவிட்டனர். அப்பந்தயத்தை மற்றொரு பின்லாந்தினராகிய வில்லே ரிட்டோலா 30 நிமிஷம் 23.2 விநாடியில் வென்று, புதிய உலகச் சாதனையும் நாட்டினார்.

நூர்மி வாதிட்டுக் காலங் கழிக்கவில்லை. ஆகஸ்டு 31-ஆம் நாள், ஏரிகள் நிறைந்த கிழக்குப் பின்லாந்திலுள்ள குவோப்பியோ என்னும் ஊரில் நிகழ்ந்த பந்தயமொன்றில் அதே 10,000 மீட்டரை ஓடினார். பாரிசில் இருந்த பன்னாட்டுக் கொடிகள் அங்கில்லை. ஒலிம்பிக் பதக்கமும் இல்லை. நேரம் 30 நிமிஷம் 6.2 விநாடி! ரிட்டோலாவின் நேரத்தினும் 17 விநாடி குறைவு. தம் முன்னைச் சாதனையினும் 34 விநாடி குறைவு. ஒவ்வொரு 400 மீட்டரையும் ஏறக்குறைய 72 விநாடியில், இருபத்தைந்து முறை அடுத்தடுத்து ஓடினாலன்றி இந்நேரம் கைகூடாது. சிற்றூர்ப் பந்தயத்தில் எழுந்த இச்சாதனை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டு அழியாது நின்றது. 1937-இல் இல்மாரி சல்மினன் அதனை முறியடித்தபோதும், ஒரு விநாடிக்குங் குறைவாகவே முந்த முடிந்தது.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் மேலும் ஒரு பொன்னும் இரண்டு வெள்ளியும் பெற்றார். ஆக ஒலிம்பிக் பதக்கங்கள் பன்னிரண்டு; அவற்றுள் ஒன்பது பொன்னாவன. தம் ஆசானெனக் கொண்ட கொலெமைனனைப் போலவே மரத்தான் ஓட்டத்தை வென்று ஓய்வுபெறுதல் அவர் விருப்பம். 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீப்புரியில் நடந்த தேர்வோட்டத்தில் 40.2 கிலோமீட்டரை 2 மணி 22 நிமிஷம் 3.8 விநாடியில் ஓடிக் காட்டினார். ஆனால் பிரயாணச் செலவென்ற பெயரால் அளவிற்கு மிஞ்சிய பொருள் பெற்றார் என்று குற்றஞ்சாட்டி, சர்வதேசச் சங்கத்தார் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓடுதலைத் தடுத்துவிட்டனர். முன்னொருமுறை விலக்கப்பட்டபோது குவோப்பியோவில் விடை கூறினார். இம்முறை விடை கூற இடமில்லை. மனிதர் முயற்சிக்கு எட்டாத எல்லையும் ஒன்றுண்டு என்பதற்கு இதுவே சான்று.

இருபது ஆண்டுகள் உருண்டன. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா தொடங்கிய நாளில், தீப்பந்தம் ஏந்தி அரங்கினுள் ஓடி வந்தவர் ஐம்பத்தைந்து வயது நூர்மியே. கண்டோர் யாவரும் எழுந்து ஆரவாரித்தனர். பின்னாளில் கட்டடத் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, இருதய நோய் ஆராய்ச்சிக்கென 1968-இல் ஓர் அறநிலையம் நிறுவினார். தாமும் அந்நோயால் வருந்தியவர். முதுமையில் உலகப் புகழைச் சிறிதும் மதியாது வாழ்ந்து, 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவ நண்பர்களே! நூர்மியின் கால்கள் நமக்கு வாய்த்தில. பொற்பதக்கமும் நம்மிற் பெரும்பாலார்க்கு எட்டாக் கனியே. ஆனால் அவர் கையிலிருந்த கடிகாரத்தை ஒத்தது நம்மிடமும் உண்டு. நேற்றைய நம் நேரம் இன்னதென்று நாம் அறிவோம். ஊர்ப் பந்தயமாயினும், காண்போர் பத்துப் பேராயினும், அந்நேரத்தை ஒரு விநாடி வெல்லும் உரிமையை எவரும் நம்மிடமிருந்து எளிதிற் பறிக்கவியலாது. பெரிய அரங்கம் மறுக்கப்பட்ட நாளிலும் ஓடுதற்கு ஒரு குவோப்பியோ எங்கேனும் இருக்கும்.