கொதிக்கும் கல்லைக் கண்டவர்

தரமான எவர்சில்வர் பாத்திரத்தில் நிக்கல் கலந்திருக்கிறது. அந்த நிக்கலைக் கண்டுபிடித்தவர் ஆக்சல் பிரெட்ரிக் குரோன்ஸ்டெட்.

சுவீடன் நாட்டில் 1722-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகனுக்கோ சுரங்கத்தின் மீதுதான் ஆசை.

பேய்த் தாது

ஜெர்மன் சுரங்கங்களில் ஒரு சிவப்புத் தாது கிடைத்து வந்தது. பார்த்தால் செம்புத் தாது போல இருக்கும். உருக்கினால் செம்பு வராது. விஷப்புகைதான் வரும். இது குட்டிப்பேயின் வேலை என்று நினைத்த தொழிலாளர்கள், அந்தப் பேயின் பெயரையே தாதுவுக்கு வைத்தார்கள்.

1751-ல் ஒரு சுவீடன் சுரங்கத் தாதுவிலிருந்து வெள்ளை நிறப் புது உலோகத்தைக் குரோன்ஸ்டெட் பிரித்தெடுத்தார். பேய்த் தாதுவிலும் அதே உலோகம் இருந்தது. பேயின் பெயரைச் சுருக்கி "நிக்கல்" என்றார்.

பலர் நம்பவில்லை. இரும்பும் கோபால்ட்டும் ஆர்செனிக்கும் சேர்ந்த கலவைதான் அது என்றார்கள்.

நுரைத்த கல்

நம் ஊர்த் தட்டார்கள் விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி நகை பற்றவைப்பார்கள் அல்லவா? அதுபோன்ற ஊதுகுழல்தான் அவருடைய முக்கிய ஆயுதம்.

ஐஸ்லாந்திலிருந்தும் லாப்லாந்து செம்புச் சுரங்கத்திலிருந்தும் வந்த கற்களை அந்தச் சுடரில் காட்டினார். கல் உப்பியது. பால் பொங்குவது போல நுரைத்தது! 1756-ல் அதற்கு "சியோலைட்" என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் கொதிக்கும் கல் என்று பொருள்.

காரணம் இதுதான். எரிமலைக் குழம்பு இறுகும்போது வாயுக் குமிழ்கள் பாறைக்குள் பொந்துகளை விட்டுச் செல்கின்றன. தாது கரைந்த நீர் அவற்றில் ஊறுகிறது. முதலில் பச்சைக் களிமண் பூச்சுப் போல ஒட்டும். அதன்மேல் சியோலைட் படிகங்கள் வளரும். படிகத்தின் நுண்ணிய துளைகளில் நீர் தங்கிவிடும். சூடு பட்டதும் அந்த நீர் ஆவியாக வெளியேறுகிறது.

புனே, நாசிக் வட்டாரக் கரும்பாறைகளில் இத்தகைய பொந்துகள் நிறைய உண்டு. 1863-ல் திறக்கப்பட்ட போர் காட் ரெயில் பாதைக்காக மலையை வெட்டியபோது அழகான சியோலைட் கற்கள் கிடைத்தன.

பெயர் போடாத புத்தகம்

நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துக் கற்களை இனம் பிரித்த காலம் அது. உள்ளே இருக்கும் பொருளைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்று 1758-ல் ஒரு நூல் எழுதினார். அதில் தன் பெயரைப் போடவில்லை.

1765 ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். அப்போது வயது 42. நிக்கல் பற்றிய சண்டை அன்றும் ஓயவில்லை.

அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்து, 1775-ல், டோர்பெர்ன் பெர்க்மன் என்ற சுவீடன் ரசாயன அறிஞர் நிக்கலைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திப் பார்த்தார். அது கலவை அல்ல, தனி உலோகமே என்று காட்டினார்.