மேடையிலிருந்து இறங்கிய மயேதா

தெல்தோட்டையை அண்டிய லூல்கந்துரவில் 1867 இல் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைச் செய்கை தொடங்கியது. கடல் கடந்து வந்த தமிழர்களின் உழைப்பில் அது மலையெங்கும் பரவியது. அதேபோலக் கடல் கடந்து, அந்நியக் காட்டில் தன் மக்கள் வேரூன்றத் துணைநின்ற சண்டை வீரர் மிட்சுயோ மயேதா.

1878 இல் ஜப்பானின் அவோமோரியில் பிறந்தவர், டோக்கியோவில் ஜிகோரோ கானோவின் கோடோகன் பள்ளியில் ஜூடோ கற்றார். 1904 இல் அக்கலையை அறிமுகப்படுத்த அமெரிக்கா சென்றார். செயல்விளக்கங்கள் சோறு போடவில்லை, பணத்துக்காக மேடையேறினார். பிரித்தானியா, ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என ஊர் ஊராகப் போய் மல்யுத்த வீரர்களோடு பொருதினார். ஸ்பெயினில் கிடைத்த 'கொண்டே கோமா' என்ற பட்டப்பெயர் கடைசிவரை நிலைத்தது.

1914 இல் பிரேசில் வந்தவர், அமேசன் முகத்துவாரத்தை அடுத்த பெலெம் நகரில் தங்கிப் பயிற்றுவிப்பாளரானார். அவரிடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கிரேசி சகோதரர்கள் அந்த வித்தையைப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவாக வளர்த்தனர். 1993 இல் டென்வரில் நடந்த முதல் யூ.எப்.சி. போட்டியில் கார்லோஸின் தம்பி மகன் ரொய்ஸ் கிரேசி, தன்னைவிடப் பருமனானவர்களைத் தரையில் மடக்கி வென்றார். கலப்புத் தற்காப்புக் கலை பயில்வோர் எல்லோரும் தரைச்சண்டையும் கற்கும் வழக்கம் அதன்பின்னரே வலுத்தது.

மயேதாவின் பிற்காலம் குடியேறிகளோடு கழிந்தது. 1929 முதல் டோமே-அசுவுக்கு வந்த ஜப்பானியக் குடும்பங்களுக்கு உதவினார். மலேரியா அவர்களை வாட்டியது, பலர் வெளியேறினர். மயேதா 1941 இல் பெலெமிலேயே கண்மூடினார். எஞ்சியோரின் மிளகு செழித்தது உலகப்போருக்குப் பிறகுதான். அந்த அறுவடையைக் காண அவர் இருக்கவில்லை.